நான்கு சீட்டுக் கட்டுகள்

மனிதன் ஒரு நாளிற் செய்யும் செயல்களுட் பல, ஒன்றை விடுத்து மற்றொன்றைத் தெரிந்தெடுத்தலே ஆகும். விடியலில் எழுவதா, இன்னும் சிறிது நேரம் படுத்திருப்பதா என்பதில் தொடங்கி, இரவில் விளக்கணைக்கும் வரையில் இத்தெரிவு ஓய்வதில்லை. இவற்றுட் பல சிறியன. தவறினும் பெருந்தீங்கு விளைவதில்லை. ஆனால், பத்தாம் வகுப்பு முடித்த மாணவன் ஒருவன் மேல்நிலை வகுப்பில் எந்தப் பாடப் பிரிவை எடுப்பது என்று துணிவதும், அரிதின் ஈட்டிய பொருளைக் குடும்பத் தலைவன் ஒருவன் யாரை நம்பிக் கொடுப்பது என்று துணிவதும் அத்தகையன அல்ல. அவற்றின் பயன் பல்லாண்டு தொடர்வது. இவ்வாறு துணியும் ஆற்றல் மனிதனிடத்தில் எவ்வாறு அமைந்துள்ளது, எவற்றால் அது மழுங்குகிறது என்பதை அறிவியலார் நெடுங்காலமாக ஆராய்ந்து வருகின்றனர். ஓயாமற் கைப்பேசியைப் பார்த்துச் சமூக ஊடகங்களில் மூழ்கியிருத்தல் அவ்வாற்றலோடு எவ்வகையில் தொடர்புடையது என்னும் வினா, அவ்வாராய்ச்சியில் அண்மையில் எழுந்த ஒன்று.

அதனை விளங்கிக்கொள்வதற்கு முதலில் ஒரு சீட்டாட்டத்தைப் பற்றி அறிதல் வேண்டும். பள்ளிப் பாடத்திற் சீட்டாட்டமா என்று எவரும் முகஞ்சுளிக்க வேண்டுவதில்லை. இது பொருள் வைத்து ஆடும் சூது அன்று. ஆய்வுக்கூடத்தில் மனத்தை அளப்பதற்கென அமைக்கப்பட்ட அளவுகோல்.

அமெரிக்க நாட்டின் அயோவா பல்கலைக்கழகத்தில் அந்தோனியோ டமாசியோ என்னும் நரம்பியல் அறிஞர், தம் துணைவியாரான ஹன்னா டமாசியோவோடும் பிற அறிஞரோடும் சேர்ந்து மூளை சிதைந்த நோயாளிகளை ஆராய்ந்து வந்தார். நெற்றிக்குப் பின்னே, கண்களுக்குச் சற்று மேலே அமைந்துள்ள மூளைப் பகுதி, நோயாலோ அறுவை மருத்துவத்தாலோ சிதைவுற்ற சிலர் அவர்களுள் இருந்தனர். அவர்தம் நிலை வியப்புக்குரியதாய் இருந்தது. அவர்கள் பேச்சிற் குறையில்லை, நினைவிற் குறையில்லை, அறிவை அளக்கும் தேர்வுகளிலும் அவர்கள் பிறர்க்குப் பின்தங்கவில்லை. வாழ்க்கையிலோ, தகாதவரோடு கூடித் தொழில் செய்து பொருளிழந்தனர். ஏற்ற வேலையில் நிலைத்து நில்லாராயினர். ஒருமுறை பட்ட துன்பத்தையே மறுமுறையும் தேடிச் சென்றனர். நல்லது இது, தீயது இது என்று வாயாற் சொல்லத் தெரிந்தவர்கள், செய்யும் வேளையில் தீயதையே கைக்கொண்டனர். அதுவரை வழக்கிலிருந்த எந்தத் தேர்வும் இக்குறையைக் காட்டவில்லை. ஆகவே, 1994ஆம் ஆண்டில் அந்துவான் பெச்சாரா என்பவரும் டமாசியோ இணையரும் ஸ்டீவன் ஆண்டர்சனும் சேர்ந்து புதியதொரு தேர்வை வகுத்து வெளியிட்டனர். அதுவே இன்று அயோவா சீட்டாட்டத் தேர்வு என வழங்கப்படுகிறது.

ஆட வருபவர்க்கு 2000 டாலர் மதிப்புள்ள விளையாட்டுப் பணம் கடனாகத் தரப்படும். அவர்முன் நான்கு சீட்டுக் கட்டுகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு முறையும் தாம் விரும்பிய கட்டிலிருந்து அவர் ஒரு சீட்டை எடுக்கலாம். எடுத்த சீட்டு எதுவாயினும் அதற்குப் பணம் வரும். ஆனால் சில சீட்டுகளில் வரவோடு தண்டமும் இறுக்க நேரும். எத்தனை முறை எடுக்கலாம் என்பது ஆடுபவர்க்கு முன்கூட்டிச் சொல்லப்படுவதில்லை. நூறாவது சீட்டு எடுத்தவுடன் ஆட்டம் நிறுத்தப்படும்.

இங்கேதான் சூழ்ச்சி உள்ளது. முதல் இரண்டு கட்டுகளில் ஒவ்வொரு சீட்டுக்கும் 100 டாலர் கிடைக்கும். மற்ற இரண்டில் 50 டாலரே கிடைக்கும். எடுத்த எடுப்பில் எவர் மனமும் நூறு தரும் கட்டையே நாடும் அன்றோ? ஆனால் அக்கட்டுகளில் பத்துச் சீட்டுகள் எடுத்தால் வரவு 1000, தண்டமோ 1250. ஆகப் பத்துச் சீட்டுக்கு 250 டாலர் கைவிட்டுப் போகும். ஐம்பது தரும் கட்டுகளில் பத்துச் சீட்டுக்கு வரவு 500. தண்டம் 250 மட்டுமே. அங்கே 250 டாலர் ஆதாயமாக நிற்கும். இன்னும் ஒன்று: இழப்புத் தரும் கட்டுகள் இரண்டனுள் ஒன்றில் தண்டம் பத்துச் சீட்டுகளில் ஐந்து முறை சிறிது சிறிதாக வரும். மற்றொன்றிலோ ஒன்பது சீட்டுகள் இனிமையாகவே கழியும். எஞ்சிய ஒன்றில் 1250 முழுவதும் ஒரே அடியாக விழும். நெடுநேரம் நலமே தந்து, மகிழ்ந்திருக்கும் வேளையில் வீழ்த்தும் இவ்விரண்டாங் கட்டுக்கு உலகியலில் ஒப்புமை தேடி அலைய வேண்டியதில்லை.

இவ்வரவு செலவை மனத்துள் கணக்கிட்டு ஆடுதல் எளிதன்று. எனினும் நல்லுடல் உடையோர், முதலில் நூறு தரும் கட்டுகளில் மயங்கினும், சில அடிகள் பட்டபின் மெல்ல விலகி ஐம்பது தரும் கட்டுகளுக்கு மாறினர். மூளையின் முன்பகுதி சிதைந்தவரோ இறுதிவரையில் நூறு தரும் கட்டுகளையே நாடினர், கடன்பட்டும் விடவில்லை.

1997ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று இதனினும் நுட்பமான செய்தியைக் காட்டியது. ஆடுவோரின் கையில் வியர்வையின் அளவை உணரும் கருவி பொருத்தப்பட்டது. நல்லுடல் உடையோர் சில இழப்புகளைக் கண்டபின், தீய கட்டின் மேல் கை வைக்க எண்ணும்போதே அவர்தம் உள்ளங்கை நுண்ணிதாக வியர்த்தது. அக்கட்டு தீயது என்பதை அவர்கள் அப்போது அறிந்திலர். கேட்டபோது ஒன்றும் தெரியவில்லை என்றே விடையிறுத்தனர். சற்றொப்ப ஐம்பது சீட்டுகள் எடுத்தபின்னரே, ஏதோ சரியில்லை என்னும் ஐயம் அவர்கள் வாயில் எழுந்தது. அறிவு உணர்வதற்கு முன்னரே உடல் உணர்ந்துவிட்டது என்பது இதன் பொருள். மூளை சிதைந்தவர்க்கு அவ்வியர்வை தோன்றவே இல்லை. உள்ளத்து நிகழ்ச்சி உடலிற் புலப்படுதலை மெய்ப்பாடு என்று பெயரிட்டு ஓர் இயலே வகுத்த தொல்காப்பியர், அவ்வியலில் வியர்த்தலையும் எண்ணியிருத்தல் இங்கு நினைக்கத்தக்கது. அவர் கருதிய துறை இலக்கியம். அயோவா அறிஞர் கருதியது மருத்துவம். ஆயினும் மெய் பேசும் என்பதில் இருவரும் உடன்படுகின்றனர்.

இத்தேர்வு பின்னர்ப் பல நாடுகளிற் பரவியது. போதைப் பொருளுக்கு அடிமையானவர்களும், சூதாட்டத்தை விடமாட்டாதவர்களும் இதனை ஆடுமாறு செய்யப்பட்டனர். மூளை சிதையாத அவர்களிலும் பலர், உடனே வரும் பெருந்தொகையில் மயங்கிப் பின்வரும் இழப்பைக் காணாதவராய் ஆடினர். அந்நிலையில், ஒரு நாளிற் பல மணி நேரத்தை முகநூல் போன்ற ஊடகங்களிற் கழிப்பவர் எவ்வாறு ஆடுவர் என்று காணும் எண்ணம் எழுந்தது இயல்பே.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டார் மெஷி என்னும் அறிஞரும் அவர்தம் உடனாய்வாளரும் அவ்வாராய்ச்சியைச் செய்து 2019ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அதிற் பங்கு கொண்டோர் 71 பேர். ஒருவர் முகநூலுக்கு எவ்வளவு அடிமைப்பட்டுள்ளார் என்பதை அளக்க, நார்வே நாட்டின் பெர்கன் நகர்ப் பல்கலைக்கழகத்தில் 2012ஆம் ஆண்டில் உருவான வினாத்தாளை அவர்கள் பயன்படுத்தினர். பயன்படுத்தாத வேளையிலும் அதனையே நினைந்திருத்தல், பயன்படுத்தும் நேரம் வரவர மிகுதல், கவலையை மறக்க அதனை நாடுதல், குறைக்க முயன்றும் இயலாமை, தடுக்கப்பட்டால் நிலைகொள்ளாமை, கல்விக்கோ தொழிலுக்கோ ஊறு நேரவிடுதல் என்னும் ஆறனையும் அது வினவுகிறது. இவ்வாறும் மதுவுக்கும் புகைக்கும் அடிமைப்பட்டாரை அறியும் அடையாளங்களை ஒட்டியே அமைந்தவை. வினாத்தாளுக்கு விடையளித்தபின் அனைவரும் சீட்டாடினர்.

முடிவு யாது? வினாத்தாளில் மிகுந்த மதிப்பெண் பெற்றவர் சீட்டாட்டத்திற் குறைந்த திறமே காட்டினர். அதுவும் ஆட்டத்தின் கடைசி இருபது சீட்டுகளில் இவ்வேறுபாடு தெளிவாய் விளங்கியது. தொடக்கத்தில் எவர்க்கும் எதுவும் தெரியாது; ஆதலின் அங்கே வேறுபாடு இல்லாமை வியப்பன்று. பட்டறிந்து திருந்த வேண்டிய இறுதிப் பகுதியிலும், ஊடகத்தில் மிக மூழ்கியவர்கள் இழப்புத் தரும் கட்டுகளை விட்டு விலகாதிருந்தமையே கருதத்தக்கது.

இச்செய்தியைக் கேட்டவுடன், முகநூல் மூளையைக் கெடுத்துவிட்டது என்று பறைசாற்றப் புகுவோர் உளர். அவ்வாறு சொல்லுதற்கு இவ்வாய்வு இடந்தரவில்லை. குடை பிடித்தவர் மிகுந்த நாளில் மழையும் மிகுந்திருக்கும்; அதுகொண்டு குடையே மழையைக் கொணர்ந்தது என்று எவரும் சொல்லார். ஓயாத ஊடகப் பழக்கம் துணியும் ஆற்றலைக் குறைத்திருக்கலாம்; துணியும் ஆற்றல் இயல்பாகவே குறைந்தவர் ஊடகத்திற்கு எளிதில் அடிமைப்பட்டிருக்கலாம்; தூக்கமின்மை போன்ற மூன்றாவதொரு காரணம் இரண்டனையும் விளைத்திருக்கலாம். எழுபத்தொருவரை ஒரே முறை அளந்த ஆய்வு இவற்றுள் எது உண்மை என்று தீர்த்துரைக்க வல்லதன்று. இரண்டும் ஒருங்கே காணப்படுகின்றன என்ற அளவிலேயே அது நிற்கிறது.

ஆயினும் ஊடகப் பழக்கத்தின் அமைப்பு எத்தகையது என்பதில் ஐயத்திற்கு இடமில்லை. பி. எஃப். ஸ்கின்னர் என்னும் உளவியல் அறிஞர், சார்லஸ் ஃபெர்ஸ்டருடன் சேர்ந்து 1957ஆம் ஆண்டில் வெளியிட்ட பெருநூல் ஒன்றில் புறாக்களைக் கொண்டு செய்த ஆய்வுகளை விரித்துரைத்துள்ளார். கூண்டிலுள்ள வட்டுத் தகட்டைப் புறா அலகாற் கொத்தினால் தானியம் விழும். இத்தனை முறை கொத்தினால் தானியம் வரும் என்பது உறுதியாயின், தானியம் பெற்றபின் புறா சற்று ஓய்வெடுக்கும். எத்தனையாவது கொத்தில் வரும் என்பது தெரியாதவாறு, சிலபோது மூன்றாம் கொத்திலும் சிலபோது முப்பதாம் கொத்திலும் வருமாறு அமைத்தாலோ, புறா ஓய்வின்றிக் கொத்திக்கொண்டே இருக்கும். தானியம் நின்றுபோன பின்னும் நெடுநேரம் கொத்தும். சூதாட்ட விடுதிகளில் காசிட்டுக் கைப்பிடியை இழுக்கும் பொறிகள் இந்நெறியிலேயே இயங்குகின்றன.

கைப்பேசித் திரையை விரலால் தள்ளும் ஒருவர்க்கு அடுத்து வருவது யாது என்று தெரியாது. பயனற்ற பத்துக்குப்பின் ஒன்று இனிமையாய் அமைகிறது. தாம் இட்ட படத்திற்கு விருப்பக்குறி வந்திருக்கிறதா என்று பார்க்கும்போது ஒருகால் இருக்கிறது, ஒருகால் இல்லை. முகநூலில் ‘லைக்’ எனப்படும் அவ்விருப்பக்குறி வந்தது 2009ஆம் ஆண்டில். பக்கம் முடிவுறாது தானே நீண்டுகொண்டே போகும் அமைப்பை ஏசா ரஸ்கின் என்னும் வடிவமைப்பாளர் 2006ஆம் ஆண்டில் உருவாக்கினார். தாம் செய்ததற்காகப் பிற்காலத்தில் அவரே வெளிப்படையாக வருந்தினார். நூலுக்கு அதிகாரம் முடிகிறது. செய்தித்தாளுக்குக் கடைசிப் பக்கம் உண்டு. முடிகிற இடத்தில் மனம் சற்று நின்று, ‘இனிப் போதுமா?’ என்று தன்னைத்தானே வினவும். அவ்வினவுதற்குரிய இடத்தையே இவ்வமைப்பு எடுத்துவிட்டது.

ஓர் இரவை எண்ணிப் பார்க்கலாம். மணி ஒன்பதரை. மறுநாட் காலையிற் கணக்குத் தேர்வு. மாணவன் ஒருவன் ஐந்து நிமிடம் மட்டும் என்று கைப்பேசியை எடுக்கிறான். ஒவ்வொரு தள்ளுதலும் உடனே சிறியதோர் இன்பம் தருகிறது. தண்டம் எதுவும் கண்ணிற் படவில்லை. பத்தரை ஆகிறது, பதினொன்றரை ஆகிறது. தண்டம் அவ்விரவில் விழுவதில்லை. மறுநாட் காலையில், கண் எரிய, தெரிந்த கணக்கும் பிழைபடும்போது முழுவதும் ஒரே அடியாக விழுகிறது. அவன் எடுத்துக்கொண்டிருந்தது இரண்டாம் கட்டு. தண்டத்திற்கும் சீட்டுக்கும் இடையே ஓர் இரவு கழிந்துவிட்டமையால், இது அதன் பயன் என்று அவன் உள்ளங்கை கற்பதற்கும் வழியில்லை.

திருவள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு அடுத்த அதிகாரமாகச் சூதை வைத்துள்ளார். கள் உடலினுட் செல்வது. சூதில் உடலினுள் எதுவும் செல்வதில்லை. இருப்பினும் அவை ஓரினம் என்று அவர் கொண்டார். அமெரிக்க உளநோய் மருத்துவர் சங்கம் தன் நோய்ப் பட்டியலைத் திருத்தி 2013ஆம் ஆண்டில் வெளியிட்டபோதுதான், விடமாட்டாத சூதாட்டத்தைப் போதைப் பழக்கங்களோடு ஒரே இயலிற் சேர்த்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் பட்டியலில், 2022ஆம் ஆண்டு முதல் கணினி விளையாட்டுக்கு அடிமையாதலும் நோயாக இடம்பெற்றுள்ளது. சமூக ஊடகப் பழக்கத்தை அப்பட்டியல்கள் தனி நோயாகக் கூறவில்லை. மிகுதியாகப் பார்ப்பவர் அனைவரும் நோயாளர் என்று அஞ்ச வேண்டுவதில்லை என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

இனி, மனநலம் பற்றிச் சிறிது காண்போம். பிறரோடு தன்னை ஒப்பிட்டே மனிதன் தன் தகுதியை மதிப்பிடுகிறான் என்று லியான் ஃபெஸ்டிங்கர் என்னும் அறிஞர் 1954ஆம் ஆண்டிலேயே எழுதினார். அக்காலத்தில் ஒருவன் ஒப்பிட்டுக்கொண்டது தன் தெருவாரோடும் வகுப்பாரோடுமே ஆகும். அவர்களுடைய திருமணத்தை அறிந்ததுபோலவே கடனையும் அவன் அறிவான். ஊடகத்திலோ பிறர் தேர்ந்தெடுத்துக் காட்டும் நல்வேளை மட்டுமே தெரிகிறது. தன் நாள் முழுவதையும் பிறருடைய சிறந்த நொடியோடு நிறுத்துப் பார்ப்பவனுக்குத் தட்டு என்றும் தாழ்ந்தே இருக்கும்.

எனினும் இங்கும் மிகைப்படக் கூறுதல் கூடாது. ஏமி ஆர்பன், ஆண்ட்ரூ பிரிசிபில்ஸ்கி என்னும் இருவர், அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் திரட்டப்பட்ட 3,55,000க்கும் மேற்பட்ட இளையோரின் விடைகளை ஆராய்ந்து 2019ஆம் ஆண்டில் முடிவு கூறினர். இளையோர் மனநலத்தில் காணும் வேறுபாட்டில் திரைக்கருவிப் பயன்பாட்டோடு தொடர்புடையது நூற்றுக்கு 0.4 பங்கினும் மிகாது என்பது அவர்தம் முடிவு. அடிக்கடி உருளைக்கிழங்கு உண்பதற்கும் மனநலத்திற்கும் உள்ள தொடர்பும் ஏறத்தாழ அவ்வளவே என்று அவர்கள் எடுத்துக்காட்டினர். உருளைக்கிழங்கைக் குற்றஞ்சாட்டுவார் எவரும் இலர் அன்றோ! தொலைக்காட்சியையும் சமூக ஊடகத்தையும் ஒன்றாகக் கூட்டியமையால் அளவு சிறுத்தது என்றும், பெண்மக்களிடத்துச் சமூக ஊடகத்தை மட்டும் தனியே பிரித்து நோக்கின் தொடர்பு மிகும் என்றும் வேறு சிலர் மறுத்தனர். அவ்வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. இதற்கிடையே, ஆஸ்திரேலிய நாடு பதினாறு வயது நிரம்பாதோர் சமூக ஊடகங்களிற் கணக்கு வைத்திருத்தலைத் தடுக்கும் சட்டத்தை 2024ஆம் ஆண்டில் இயற்றி, 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைப்படுத்தியது.

ஒப்பிட்டு நோக்குவதை விடுத்து, பழக்கத்தையே மாற்றிப் பார்த்த ஆய்வுகளும் உள. அமெரிக்காவில் 2018ஆம் ஆண்டு நடந்த இடைக்காலத் தேர்தலுக்கு முன், ஹண்ட் ஆல்காட் முதலிய பொருளியல் அறிஞர், குலுக்கல் முறையில் தெரிந்தெடுத்த ஒரு சாராரைப் பணம் தந்து நான்கு வாரம் முகநூலை விட்டிருக்கச் செய்தனர். அவர்களுக்கு நாள் ஒன்றுக்குச் சற்றொப்ப ஒரு மணி நேரம் மிஞ்சியது. அந்நேரத்தில் தொலைக்காட்சி பார்த்தனர். குடும்பத்தாரோடும் நண்பரோடும் அளவளாவினர். மனநிறைவு சிறிதே, ஆயினும் உறுதியாக, உயர்ந்தது. அரசியற் கொள்கைகள் பற்றிய கருத்துப் பிளவும் குறைந்தது. நாட்டு நடப்பைப் பற்றிய அறிவும் உடன்குறைந்தது என்பதை மறைத்தல் தகாது. நான்கு வாரம் முடிந்து தடை நீங்கிய பின்னரும், அவர்கள் பிறரினும் ஐந்தில் ஒரு பங்கு குறைவாகவே முகநூலைப் பார்த்தனர்.

அதே 2018ஆம் ஆண்டில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மெலிசா ஹண்ட் என்பார், மாணவர் 143 பேரைக் கொண்டு செய்த ஆய்வு வெளிவந்தது. மாணவர் இரு கூறாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு கூறார் முகநூல், இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் என்னும் மூன்றனையும் ஒவ்வொன்றும் நாளுக்குப் பத்து நிமிடமே பார்க்கலாம். மறு கூறார் வழக்கம்போல் பார்க்கலாம். மூன்று வாரத்திற்குப்பின், குறைத்துப் பார்த்தவரிடம் தனிமையுணர்வு தணிந்தது. தொடக்கத்தில் மனச்சோர்வு மிகுந்திருந்தவரிடம் அச்சோர்வும் தணிந்தது. இவற்றோடு, ஆய்வாளர் எதிர்பாராத ஒன்றும் நிகழ்ந்தது. எவ்வளவு நேரம் பார்த்தனர் என்னும் கணக்கை இரு கூறாரும் தத்தம் கைப்பேசியிலிருந்து எடுத்து அனுப்பி வந்தனர். வழக்கம்போல் பார்த்தவர்களுக்கு வேறு எக்கட்டுப்பாடும் விதிக்கப்படவில்லை. அவர்களிடத்தும் மனக்கலக்கமும், தாம் எதையோ தவறவிடுகிறோம் என்னும் அச்சமும் முன்னையினும் குறைந்திருந்தன.